விலை ஓடும்போது சம்பளமும் ஓடட்டும்

அக்கரப்பத்தனையில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலைப் பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த நாட்களில் கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் போடுகிறார்கள் என்ற முறைப்பாடு டயகம, ஹோல்புரூக் என்று எந்தப் பக்கம் போனாலும் காதில் விழும். மழை பிடித்துவிட்டாலோ கொழுந்து திமிறிக்கொண்டு வரும். கொழுந்து எடுக்கும் சுற்று தவறினால் முற்றிவிடும். அட்டைக்கடியோடும் நனைந்த படங்கோடும் அதற்கு ஈடுகொடுப்பது நம் பெண்களின் கைகள்தான். இவ்வளவு வேகத்துக்குக் கிடைக்கும் சம்பளம் மட்டும் ஏன் எப்போதும் பின்னாலேயே வருகிறது?

2015இலிருந்து நாட்சம்பளமாகக் கேட்ட 1000 ரூபா, சம்பள நிர்ணய சபை வழியாக 2021 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே தோட்டக் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, எடுக்கவேண்டிய கொழுந்து 18 கிலோவிலிருந்து 20க்கும் மேலே போனது. கிலோவை ஏற்ற யாருக்கும் ஆறு வருடம் தேவைப்படவில்லை.

மறு வருடமே நாடு வங்குரோத்தானது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடி நின்றன. உணவுப் பொருட்கள் 90 சதவீதத்துக்கும் மேல். காலையிலும் பகலிலும் ரொட்டியை நம்பியிருக்கிற லயத்து வீடுகளில் கோதுமை மா வாங்குவதே பெரும்பாடாகிப் போனது. அப்போதும் அந்த 1000 ரூபா அசையவில்லை. 2024இல் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் செப்டெம்பரில் 1350 ரூபாவில் நின்றது. மூன்றரை வருடம்! அந்த இடைவெளியில் பட்ட அடகுக் கடனையும் கடைக் கணக்கையும் எந்த வர்த்தமானியும் திருப்பிக் கொடுக்கவில்லை. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபா சம்பளம், அரசு தரும் 200 ரூபா வரவுப் படி, ஆக 1750 ரூபா என்று அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் விலை மறுபடி ஏறினால்? திரும்பவும் பெரட்டுக்களத்தில் சத்தியாக்கிரகம், திரும்பவும் கொழும்பில் பேச்சுவார்த்தை, திரும்பவும் வருடக்கணக்கில் காத்திருப்பு.

பழைய ஆட்கள் பஞ்சப்படி என்று சொல்வார்கள். அடிப்படைச் சம்பளத்தோடு, வாழ்க்கைச் செலவுச் சுட்டி ஏறுவதைப் பார்த்துச் சேர்க்கப்பட்ட படி அது. அப்போதும் சம்பளம் போதவில்லை. 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் விலைக்கும் சம்பளத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கவேண்டும் என்பதையாவது அன்றைய சட்டம் ஒத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தொடர்பைத் திருப்பிக் கேட்கவேண்டும். விலைச்சுட்டியை அரசாங்கமே மாதாமாதம் வெளியிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்து நாட்சம்பளம் தானாக ஏறும்படி சம்பள நிர்ணய சபை தீர்மானிக்கட்டும். பனிக்காலத்தில் கிலோ அளவைக் குறைப்பதையும் அதே தீர்மானத்தில் எழுதட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த முறை பேசப் போகும்போது, எத்தனை ரூபா என்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் மேசையில் வைக்கவேண்டும்.