பெயரும் தர்மமும்

தர்மம் என்றதும் ஊரில் நமக்கு நினைவுக்கு வருவது பிச்சை. தர்ம ஆஸ்பத்திரி, தர்ம தரிசனம். சந்தையில் அகப்பட்ட திருடனுக்குக் கிடைப்பதும் தர்ம அடிதான்! காசு வாங்காமல் கொடுப்பதெல்லாம் தர்மம் என்றாகிவிட்டது. இங்கே கொல்கத்தாவிலோ, விண்ணப்பப் படிவத்தில் ‘தர்மம்’ என்று கேட்டால் மதத்தை எழுத வேண்டும். வடமொழியில் அச்சொல்லின் வேருக்குத் தாங்குதல், பிடித்து நிறுத்துதல் என்று பொருள். ரயில் பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்த எனக்கு ஸ்லீப்பர் கட்டைதான் நினைவுக்கு வருகிறது. அகலப் பாதையின் இரு தண்டவாளங்களையும் 1676 மில்லிமீட்டர் இடைவெளி மாறாமல் பிடித்து வைத்திருப்பது அது. வண்டியில் போகிறவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஆன்மிக வழியில் குரு சூட்டும் வடமொழிப் பெயர்களையும் இந்தப் பொருளில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பெயரைத் தாங்குவது ஒரு பொறுப்பு. ஹாத்ரஸ் ரயில் நிலையத்தில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த சரத் சந்திர குப்தர், பின்னாளில் விவேகானந்தர் ஆன நரேந்திரரை 1888-இல் சந்தித்து, வேலையை விட்டு அவர் பின்னே போனார். (நம் இலாகாக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) துறவியானபின் அவர் பெயர் சதானந்தர், எப்போதும் ஆனந்தமாக இருப்பவர். மார்கரெட் நோபிள் என்ற ஐரிஷ் ஆசிரியைக்கு விவேகானந்தர் 1898 மார்ச்சில் சூட்டிய பெயர் நிவேதிதா. படைக்கப்பட்டவள் என்று பொருள். நாம் சுவாமிக்குப் படைக்கும் நைவேத்தியமும் அதே வேரில் பிறந்ததுதான். பாரதியார் குருவாகக் கொண்டது இவரைத்தான். 1899-இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, பஸ்திகளில் குப்பையும் சாக்கடையும் சுத்தம் செய்யும் வேலையில் முன் நின்றவர்கள் இந்த இருவரும். எப்போதும் ஆனந்தம் என்ற பெயரோடு பிளேக் தெருவில் இறங்குவது சாதாரணமா?

நிவேதிதா என்ற பெண் குழந்தைகள் நம் சங்கக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பொருள் கேட்டால், “கேட்க நன்றாக இருந்தது, வைத்தோம்” என்கிறார்கள் பெற்றோர். எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டவும் தயங்குவதில்லை. தமிழ்ப் பெயரே வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அறவாழி என்று வைத்தாலும் இதே கேள்விதான். பொருளே சொல்லப்படாத குழந்தை, தான் எதைத் தாங்குவதென்று எப்படி அறியும்?

விஜயதசமிக்குத் தமிழ் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளின் பதிவேட்டில், பெயருக்கு எதிரே பொருளுக்கும் ஒரு கட்டம் போடலாம். பெற்றோரே கைப்பட நிரப்பட்டும். தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வர ஒரு வாரம் அவகாசம் கொடுக்கலாம்.