சம்பளப் பட்டியலும் அடுத்தவன் காசும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். கோவைப் பக்கம் ஒரு சின்ன பட்டறையில எட்டு வருஷமா லேத் ஓட்டறவர். பொண்ணு கல்யாணத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாமேன்னு பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்திருக்கார். கடைசி 14 மாசம் காலி. சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சிருக்காங்க. ஆனா கட்டலை!

'பேரோல்'னா நம்மாளுங்க பலபேருக்கு மாசக் கடைசியில அக்கவுண்டன்ட் தட்டுற ஒரு எக்செல் ஷீட், அவ்வளவுதான். என்னைக் கேட்டா, ஒரு கம்பெனி யோக்கியமா இல்லையான்னு அந்த ஷீட்டை வெச்சே சொல்லிடலாம்.

சின்னதா ஒரு கணக்கு. ஒருத்தருக்கு மொத்தச் சம்பளம் 20,000, அதுல பேசிக் 15,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 பிடிப்பாங்க. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 150. கைக்கு வர்றது 18,050. முதலாளி தன் பங்கா பி.எஃப்.புக்கு இன்னொரு 1,800 போடணும். அதுல 1,250 பென்ஷனுக்குப் போயிடும். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 650. இதெல்லாம் சம்பளத்துக்கு மேல ஆகிற செலவு. ஆள் எடுக்கறப்பவே இதைக் கணக்குல சேர்க்காதவங்கதான் பின்னாடி முழிக்கறாங்க.

2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, மாசச் சம்பளத்தை அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள்ள கொடுத்தாகணும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட 15-ம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. இந்த இடைவெளியிலதான் சபலமே ஆரம்பிக்குது. பில் பணம் வரலை, பேங்க் தவணை நிக்குது, கரண்ட் பில் வேற. "இந்த மாசம் மட்டும்"னு கை வெப்பாங்க. அடுத்த மாசம் ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டணும். எங்க கட்டறது?

முதலாளி கஷ்டம் எனக்குப் புரியாம இல்லை. பார்ட்டி 90 நாள் இழுத்தடிச்சா அவரும்தான் என்ன செய்வார்? ஆனா அந்த 1,950 ரூபாய் அவர் பணம் இல்லீங்க. தொழிலாளி சம்பாதிச்சு, நம்பி விட்டு வெச்ச காசு. பிடிச்ச பி.எஃப். பணத்தைக் கட்டாம விட்டா அது நம்பிக்கை மோசடின்னே குற்றவியல் சட்டம் சொல்லுது. கடன் பாக்கி மாதிரி அதை நினைக்கக் கூடாது.

வழி ரொம்ப சிம்பிள். சம்பளம் போடற அன்னிக்கே பிடித்தம், தன் பங்கு ரெண்டையும் தனி அக்கவுண்ட்டுக்கு மாத்திடணும். மறுநாள் வரைக்கும்கூடத் தள்ளப்படாது.

வேலை பார்க்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டுல 'பி.எஃப்.'னு ஒரு வரி இருந்தா, பிடிச்சாங்கன்னுதான் அர்த்தம். கட்டினாங்கன்னு அர்த்தம் இல்லை. சீட்டையும் பாஸ்புக்கையும் மாசாமாசம் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. நண்பர் அதை 14 மாசம் செய்யலை. இப்ப புகார் கொடுக்க அலைஞ்சுக்கிட்டிருக்கார். கல்யாணம் தை மாசம்.