மூலம் ஒன்றாயின் மார்க்கமும் ஒன்றோ?

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் ஆபிரகாமைத் தம் மூதாதையாகக் கொண்டவையாதலின், அவற்றினிடையேயுள்ள பேதங்கள் வெறும் மேற்சாயமே என்று திருப்பூர் அன்பரொருவர் வாதிப்பது நல்லெண்ணத்தில் பிறந்ததெனினும் ஏற்கத்தக்கதன்று. ஒரே நூலினின்று ரிப், இன்டர்லாக் என்னும் வெவ்வேறு பின்னலாடைத் துணிகள் பின்னப்படும் ஊரில் வாழும் அவர், வேற்றுமை சாயத்திலன்றிப் பின்னலிலேயே அமையக்கூடும் என்பதை அறியாதவரல்லர்.

இயேசுவையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவருக்கு அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்த தேவகுமாரன். முஸ்லிம்களுக்கோ கன்னி மரியமின் மைந்தராகிய ஈசா நபி மேலான இறைத்தூதரேயாயினும் இறைவனின் குமாரரல்லர், சிலுவையில் கொல்லப்பட்டவருமல்லர். யூதருக்கோ அவர் மேசியா அல்லர்; மேசியா இன்னும் வரவேண்டியவர். இம்முரணைக் கழுவிவிட எவருக்கு அதிகாரமுண்டு? ஒற்றுமையும் சமமாகப் பரவியதன்று: விருத்தசேதனத்திலும் பன்றியிறைச்சி விலக்கிலும் யூதரும் முஸ்லிம்களும் நெருங்கி நிற்க, யூத வேதத்தைப் பழைய ஏற்பாடாகத் தம் வேதத்துள்ளேயே ஏற்ற கிறிஸ்தவரில் பெரும்பாலோர் அவ்வாசாரங்களினின்று விலகினர்.

வெள்ளி நண்பகல் தொழுகைக்கு எழுந்து செல்லும் டெய்லரும் ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் அவர் தோழரும் ஒரே பனியன் கம்பெனியில் ஒருவரையொருவர் மதிப்பதற்கு, இருவரும் நம்புவது ஒன்றே என்னும் பாவனை வேண்டியதில்லை. அவ்வாறே, வீரமாமுனிவரின் கிறிஸ்தவக் காப்பியமாகிய தேம்பாவணியும் உமறுப்புலவரின் இஸ்லாமியக் காப்பியமாகிய சீறாப்புராணமும் தத்தம் கோட்பாட்டில் அணுவளவும் நெகிழாதிருந்தும், இரண்டையும் தமிழுலகம் காவியமென்றே போற்றி வருகிறது.