துவக்கு தானாக வெடிப்பதில்லை

ரொறன்ரோவில் இருபத்தைந்து ஆண்டுகளாக வாழும் என் மைத்துனர் சென்ற விடுமுறையில் பதுளைக்கு வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே கைத்தொலைபேசியைத் திறந்து, தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் அமைத்திருக்கும் ஒரு மேசையைக் காட்டினார். தடித்த பலகை, அதன் விளிம்பில் இறுக முடுக்கிய, நீண்ட கைப்பிடியுடைய இரும்புப் பொறி, பக்கத்தில் சிறிய தராசு. சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூட்டை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் ஏற்பாடு அது. குளிர்காலத்து மாலைகளில் தமக்கு அதுதான் தியானம் என்றார். மான் வேட்டைப் பருவத்துக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லையாம்.

அதோடு நின்றிருந்தால் நானும் ரசித்துவிட்டுத் தேநீர் ஊற்றியிருப்பேன். "மச்சான், இதிலே சின்னதாக ஒன்று கொண்டுவந்தால் பிபிலையிலே இருக்கிற உங்கட சினேகிதருக்கு எவ்வளவு உதவி! பன்றி வயலை உழுதுவிட்டுப் போகிறது. அந்த மனிசனிட்ட துவக்கு இருக்கு, தோட்டாதான் இல்லை" என்றார்.

அன்று அவரிடம் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதே அதிகம். உபசாரம் குறுக்கே நின்றது. கடல் கடந்த வேறு சில நண்பர்களும் ஊவாவின் விவசாயியை ஆயுதம் மறுக்கப்பட்ட அப்பாவியாக எண்ணி எழுதுகிறார்கள். ஆகவே அவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் தெரிந்தது மேசை. தெரியாதது மேசைக்குப் பின்னால் நிற்கும் ஓர் அரசு. துவக்கு வாங்குமுன் மைத்துனர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் இருந்து தேறி உரிமம் பெற்றிருக்கிறார். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து, எந்த எல்லையைத் தாண்டினால் குழல் பிளக்கும் என்பதை மருந்து செய்யும் நிறுவனங்கள் புத்தகமாகவே அச்சிட்டுத் தருகின்றன. மருந்தை அவர் 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார். 7,000 கிரெயின் சேர்ந்தால்தான் ஓர் இறாத்தல். அவருடைய துவக்கின் குழல் சோதிக்கப்பட்ட குழல். இவற்றையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுப் பொறியை மட்டும் பெட்டியில் போட்டு ஊவாவுக்குக் கொண்டுவர முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையிலுள்ள நாட்டில், அந்தச் சினேகிதர் கட்டுநாயக்கவிலிருந்து வந்த அன்பளிப்போடு நேரே மறியலுக்குத்தான் போவார்.

சட்டத்தை விடுங்கள். அந்த மேசை இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நான் சொல்லாமல் விட்ட விடயம். பிபிலை, மொனராகலை, வெல்லவாயப் பக்கத்துக் கொல்லன் பட்டறைகளிலும் அடுப்படிக்குப் பின்னாலும் இருக்கிறது. பொலிஸார் அவ்வப்போது கைப்பற்றிப் படம் எடுத்துத் தரும் 'கல்கட்டாஸ்' துவக்குகள் அங்கிருந்துதான் வருகின்றன. தராசு இல்லை, புத்தகம் இல்லை. குழாய்த் துண்டே குழல். செய்தவனே நம்பித் தோளில் வைத்துச் சுட அஞ்சும் துவக்கு. அதனால்தானோ என்னவோ, அதைத் தோளில் வைப்பதைவிடத் தரையில் கட்டிவிட்டுப் போவதே வழக்கமாகிவிட்டது. மிருகம் நடக்கும் தடத்தில், முழங்கால் உயரத்தில், புல்லோடு புல்லாக ஒரு கயிறு. கட்டுத்துவக்கு என்கிறோம். கட்டியவன் வீட்டில் உறங்குகிறான்.

அந்தத் தடத்தில் பன்றி மட்டுமா நடக்கிறது? பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களின் எல்லையில் காடும் மாணாப்புல்லும் தொடங்கும் இடத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். விறகுக்குப் போகும் பாதையும் மரை இறங்கும் பாதையும் அங்கே ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பாதையில் கால் சிதறிய ஒரு பெண்ணை வைத்தியசாலைக் கட்டிலில் பார்த்தேன். கொழுந்தெடுப்பவர். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தாயிற்று. "ஐயா, நான் போயிருக்கக் கூடாதுங்க" என்றார். குற்றத்தைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். சரிவான மலையில் கூடையோடு நிற்க இரண்டு கால்கள் வேண்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் ஆனபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அந்தக் கூலிக்கும் அவருக்கும் இனித் தொடர்பில்லை.

பயிர்ச்சேதம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஓர் இரவில் மரவள்ளித் தோட்டமொன்று கிளறி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டுத்துவக்கு எல்லாம் வயல் வரப்பிலா கட்டப்படுகிறது? பயிரே இல்லாத காட்டுக்குள் கட்டப்படுவது எந்தப் பயிரைக் காக்க? காட்டு இறைச்சிக்கு விலை இருக்கிறது. அதை வாங்குவோர் நகரங்களிலும் இருக்கிறார்கள். இரைக்குள் வெடிமருந்தை ஒளித்துவைக்கும் 'ஹக்க பட்டாஸ்' பன்றிக்கென்று தொடங்கி, இன்று வாய் சிதைந்து பட்டினியால் சாகும் யானைக்குட்டிகளில் வந்து நிற்கிறது. இதையும் 'பாவப்பட்ட விவசாயி' கணக்கில் எழுதுவது உண்மையான விவசாயிக்குச் செய்யும் அவமதிப்பு.

இந்த மண்ணில் துவக்கைப் பெருமையாக்கியவர்கள் யார் என்பதற்குப் பதுளை நகரத்திலேயே ஒரு கட்டடம் சாட்சி. புனித மாற்கு தேவாலயம். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் நினைவாக 1857இல் எழுந்தது. பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்த இவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல் என்பார்கள். 1845 ஜூனில் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானையைக் கொல்ல அன்றைய அரசாங்கம் வெகுமதியும் கொடுத்தது. கோப்பித் தோட்டத்துக்குக் காட்டை அழித்தவர்களே காட்டு விலங்கைத் தொல்லை என்று அறிவித்தார்கள். மருந்தும் ஈயமும் நிரப்பிக் கொடுக்க அவர்களுக்கு ஏவலாட்கள் இருந்தார்கள்.

இன்றைய அரசுகள் என்ன செய்கின்றன? 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு நடந்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்குத் தொடங்கி ஐந்தே நிமிடத்தில் நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணினார்கள். ஐந்து நிமிடத்தில் என் வீட்டுக் கூரைமேல் இருக்கும் குரங்குகளையே எண்ண முடியவில்லை; அவை அசையாமல் இருந்தால்தானே. வேலிக்கும் இழப்பீட்டுக்கும் பணம் ஒதுக்கும் பேச்சு வரும்போது மட்டும் எல்லோரும் பொறுமையாகிவிடுகிறார்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கென மாவட்டச் செயலகத்தில் துவக்கு உரிமம் கேட்பவருக்குக் காட்டக் காணி வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குக் காணி எது? லயத்துக்குப் பின்னால் அவர் போட்டிருக்கும் போஞ்சிப் பாத்திகூடக் கம்பனியின் பெயரில்தான் இருக்கிறது. ஆக, உரிமமுள்ள துவக்கு அவரிடம் இல்லை, கட்டுத்துவக்கு கட்டுபவர்களில் அவரும் அபூர்வம், இறைச்சி விற்ற காசும் அவருக்கில்லை. கால் மட்டும் அவருடையது. (தோட்டங்களில் சுருக்குக் கம்பி வைப்பவர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அதில் மாட்டிச் செத்த சிறுத்தைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். எம்மவர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.)

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதத் தகுதியுள்ளவனா என்பதே கேள்வி. முப்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட செய்திகளை எத்தனை எழுதியிருப்பேன்! எல்லாம் ஒரே வார்ப்பு: "கட்டுத்துவக்கு வெடித்ததில் பெண்ணொருவர் படுகாயமடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்." நான்கு வரி. பல்கலைக்கழகத்தில் இலக்கணம் படித்தவன் நான். 'வெடித்தது' தன்வினை. பலாப்பழம் வெடிப்பது போல, பருத்தி வெடிப்பது போல, துவக்கும் தானே வெடித்துவிட்டது! குழல் தேடி, மருந்து இடித்து, கயிறு கட்டி, இலை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனவனை அந்த ஒரு வினைச்சொல்லால் விடுதலை செய்திருக்கிறோம். ஒருவன் வீதியில் நின்று ஒரு பெண்ணின் காலில் சுட்டிருந்தால் இப்படியா எழுதியிருப்போம்? செய்தியில் ஆள் இல்லை என்றால் வாசகனும் ஆளைத் தேடுவதில்லை. அதனால்தான் வனவிலங்குச் சட்டம் மீறப்பட்ட சில்லறை விவகாரம் போல இது ஆறிப்போகிறது. வழியில் துவக்கு கட்டுபவன், அந்த வழியில் யார் வந்தாலும் சுடத் தயாராக இருக்கிறான். அவனை மனிதனைச் சுட்டவனாகவே விசாரிக்க வேண்டும் என்பது என் வாதம்.

மைத்துனர் திரும்பிப் போய்விட்டார். பொறி எதுவும் வரப்போவதில்லை. பிபிலைச் சினேகிதரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது வயலைச் சுற்றி ஒரு நல்ல வேலி.

சென்ற மாதம் இளம் நிருபர் ஒருவர் இதே போன்றதொரு செய்தியை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். "இனந்தெரியாத ஒருவர் பாதையில் கட்டிவைத்த துவக்கினால் தொழிலாளி சுடப்பட்டார்" என்று திருத்திக் கொடுத்தேன். மறுநாள் பத்திரிகையைப் பிரித்தேன். "கட்டுத்துவக்கு வெடித்ததில்" என்றே அச்சாகியிருந்தது.