பயணப்படியும் ஓர் இரவு உறக்கமும்



பெரம்பலூர் நகருக்கு இன்றும் இரயில் பாதை இல்லை. அலுவலகப் பணியாகச் சென்னை செல்லும் ஊழியர் திருச்சி நெடுஞ்சாலையில் பேருந்து பிடிக்க வேண்டும். இல்லையேல் அரியலூருக்குச் சென்று இரயில் ஏற வேண்டும். அரியலூர் சிமெண்ட் ஆலைகளை ஒட்டியும் இத்தகைய பயணங்கள் பல.

இப்பயணங்களில் ஊழியர் விரும்புவது யாது? சொகுசு விடுதியன்று. இரவில் புறப்பட்டு, விடியலில் இறங்கி, பேருந்து நிலையத்திலேயே முகம் கழுவி, பகலெல்லாம் பணியாற்றி, அன்றிரவே திரும்புவோர் எத்தனை பேர்! நிறுவனத்திற்கு அறை வாடகை மிச்சம். ஊழியருக்கு இரண்டு இரவுகளின் உறக்கம் நட்டம். இந்த நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. மறுநாள் காலையோ வருகைப் பதிவேடு காத்திருக்கிறது.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு இரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பயணிக்கு, அனுப்புபவரும் பொறுப்பாளியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பயணத்தின் சிரமம் கருதித் தொழுகையைச் சுருக்கவும் நோன்பைப் பிற்படுத்தவும் மார்க்கமே சலுகை தந்துள்ளது. நாம் மட்டும் ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

நிறுவனம் நடத்தும் சகோதரர்களே! பயணப்படியை முன்னதாகவே கையில் கொடுங்கள். இரவுப் பயணமெனில் படுக்கை வசதி செய்யுங்கள். திரும்பிய நாளில் அரைநாளேனும் ஓய்வளியுங்கள். பயண ஆணையில் கையொப்பமிடுமுன், "எப்போது உறங்குவீர்கள்?" என ஒரு சொல் கேளுங்கள். வாசலில் விழித்திருக்கும் குடும்பமும் உங்களை வாழ்த்தும்.