முதலில் எது?

சீனாவின் ஷாண்டொங் மாகாணத்தில் வளர்ந்த கும்பிடுபூச்சிக் குங்பூவைப் பயில்வோர், எவ்வரிசையை முதலிற் கற்பது என்று வினவுவர். பூச்சியின் கொக்கிக்கையில் மயங்கியோர் 'பெங் பூ' வரிசையையே உடனே வேண்டுவர். யாம் அதற்கு உடன்படோம்.

1910ஆம் ஆண்டு ஷாங்காயில் எழுந்த சிங் வூ கழகம் வேறு வழி காட்டிற்று. ஏழு விண்மீன் கும்பிடுபூச்சி மரபின் ஆசான் லுவோ குவாங்யூ 1919இல் அங்குச் சென்றார். ஆயினும் அக்கழக மாணவர், எம்மரபை நாடினும், 'தான் துய்' முதலாய பத்துப் பொது வரிசைகளை முன்னர்ப் பயின்றனர். தான் துய் ஒரே அசைவை இடமும் வலமும் மீண்டும் மீண்டும் செய்விப்பது. அதனால் கால் நிலைபெறும், இடை வலுப்பெறும். பெங் பூவோ பற்றுதலையும் அடித்தலையும் விரைந்த நிலைமாற்றத்தோடு ஒருங்கு வேண்டுவது. காலூன்றாதவனிடத்து அது வெறுங் கையசைவாய் முடியும்.

பொது வரிசைகளாற் காலம் வீணாகும் என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆதலின் பத்தும் வேண்டுமென யாம் வற்புறுத்தோம். தான் துய் ஒன்றேனும் செவ்விதாகுக. பின்னர்ப் பெங் பூ, அதன்பின் 'லான் ஜியே' வருக.

மாணவர்காள்! நெடுங்கணக்கு அறியாது இலக்கணம் கற்றார் எவருமிலர். கற்ற வரிசைகளின் தொகையை எண்ணி மகிழ்வதினும், ஒன்றில் உறுதியாய் நிற்றலே பெருமை தருவதாம்.