பந்தயத்துக்குத் திடல் கொடு! பாதையைப் பாட்டாளிக்கு விடு!

மோட்டார் கார் மீது மோகம் கொண்டவர்களைப் பற்றி நம் ஏட்டிலே பேச்சு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். விடுமுறை நாளிலே கூட்டமாகக் காரோட்டிச் செல்வது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு; வாங்கிய காரைப் பிரித்து, உயர்த்தி, தாழ்த்தி, வேறு சக்கரம் மாட்டி அழகு பார்ப்பது பணம் மிகுந்தோரின் விளையாட்டு; பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நமக்கு அதிலே என்ன அக்கறை என்பது அவர்கள் கேள்வி.

அக்கறை உண்டு, தோழர்களே! அந்தக் காரைப் பூட்டியவன் நம் தோழன். அதைப் பட்டறையிலே பிரித்து மாற்றுகிறவன் நம் தோழன். அது கட்டுக்கு மீறிப் பாயும்போது சாலையோரத்திலே அடிபட்டு விழுகிறவனும் நம் தோழன்தான். மூன்று முனைகளிலும் நாம் இருக்க, இது நமக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று எப்படி ஒதுங்குவது?

காட்டுப்பள்ளிப் பக்கம் சென்று பாருங்கள். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உப்பங்கழி. நடுவே துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. தெற்கே எண்ணூர்க் காமராஜர் துறைமுகம். ஒரகடத்துத் தொழிலாளர் உருவாக்கிய நிசான் கார்கள் 2010 முதல் அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி வெளிநாடு சென்றன. மேற்கே திருவள்ளூரிலே, 1998இல் மிட்சுபிஷி லான்சர் கார் உருவாகத் தொடங்கிய இடத்திலே, பின்னாளில் சிட்ரோன் கார்கள் உருவாயின. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இந்த வட்டாரத்துச் சாலைகளிலே இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அவற்றின் ஓரமாக, ஷிப்டு முடிந்தவனும் ஷிப்டுக்குப் போகிறவனும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பழவேற்காட்டு ஏரியைக் காணக் கூட்டமாகக் காரோட்டி வருவோருக்கும் இதே வட்டாரச் சாலைகள்தாம் வழி.

காரைக் கண்டு இந்த மண் மிரண்டதில்லை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் துவங்கப்பட்டு, எண்ணூர்த் தொழிற்சாலையிலே ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டன. அதுவே 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. நம்மவர் திருப்புளி பிடித்து மூன்று தலைமுறை ஆகிறது.

பந்தயமும் நமக்குப் புதிதல்ல. காட்டுப்பள்ளி இருக்கும் அதே பொன்னேரி வட்டத்திலே சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கிடந்தது. இங்கிலாந்திலே சில்வர்ஸ்டோன் என்னும் போர்க்கால விமானத்தளம் 1948இல் பந்தயத்திடலாக மாறிற்றே, அதைப் போலவே சோழவரமும் மாறிற்று. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. ஆயிரக்கணக்கிலே மக்கள் திரண்டார்கள். கோண்டல் மகாராஜா ஓட்டினார். விஜய் மல்லையா வெளிநாட்டிலிருந்து வரவழைத்த என்சைன் பந்தயக் காரை ஓட்டினார். அவர்கள் பெயரெல்லாம் ஏடுகளிலே இருக்கிறது.

அவர்களோடு போட்டியிட்ட மற்றக் கார்கள் எவை தெரியுமா? நம் தெருவிலே ஓடிய பியட், ஹெரால்டு, அம்பாசிடர்! வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாதவர்கள், உள்நாட்டுக் காரின் எஞ்சினைக் கழற்றி, சிலிண்டரைக் கடைந்து, தலைப்பகுதியைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, கார்புரேட்டரை மாற்றி, எடை குறைய இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுத் திடலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையைச் செய்த கைகள் யாருடையவை? லேத்து ஓட்டியவன், வெல்டு வைத்தவன், கிரீசிலே மூழ்கிய மெக்கானிக்! கோப்பையிலே ஓட்டியவர் பெயர் பொறித்தார்கள். பூட்டியவன் பெயர் பட்டறைக் கதவைத் தாண்டவில்லை.

கைத்திறன் எதுவரை போகும் என்பதற்குச் சான்று வேண்டுமா? இங்கிலாந்திலே காலின் சாப்மன் என்னும் இளைஞர், ஒரு சிறு கொட்டகையிலே, பழைய ஆஸ்டின் செவன் காரை மாற்றிக் கட்டியது 1948இல். அதிலிருந்து பிறந்ததுதான் லோட்டஸ் கார். கோவையிலே கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டினார். குறைந்த செலவிலே இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி திறந்தது. அதே கோவையிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். காரைப் பிரித்துப் பூட்டுவதை வீண் வேலை என்று எள்ளி நகையாடுவோர் இதை நினைவிலே கொள்ளட்டும்.

பிறகு என்ன நடந்தது? சோழவரத்துப் பந்தயங்கள் நின்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையிலே புதுத்திடல் திறந்தது. நல்ல திடல்தான், ஆனால் சங்கத்தின் திடல். கட்டணமும் கவசமும் தக்க வண்டியும் உள்ளவனுக்கே அதன் வாயில் திறக்கும். எண்ணூரிலும் மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள பட்டறைப் பையனுக்கு, தன் கைவேலையைச் சோதித்துப் பார்க்க இன்று ஓரடி நிலமும் கிடையாது.

திடலை மூடலாம், ஆசையை மூட முடியுமா? அது சாலைக்கு வந்தது. இரவிலே நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம். விடியுமுன் பந்தயம் கட்டி ஆட்டோ ஓட்டம். வெளிவட்டச் சாலையிலே அகலமும் நீளமும் கண்டவுடன் காலை அழுத்தும் கார்கள். கூட்டமாகப் போகிறவர்கள் எல்லோருமே பந்தயக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகச் சென்று ஒழுங்காகத் திரும்புவோர் பலர். ஆனால் இருபது கார் சேர்ந்து போகும்போது, முன்னே போகிறவனை விட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு பின்னே வருகிறவனைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுகிறான். லாரிக்கு இடப்புறம் நுழைகிறான். அங்கேதான் நம் தோழன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறான்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்திலே போகும் கார், ஓட்டுகிறவன் ஒரு விநாடி தயங்கினால் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். 120இல் 33 மீட்டர். பிரேக்கை மிதித்த பிறகு நிற்கப் பிடிக்கும் தூரமோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். 2022ஆம் ஆண்டிலே இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் மாண்டோர் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களிலே நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ இருபது பேர் நடந்து சென்றவர்கள். சாலையிலே சாகிறவன் யார் என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

இனி, வண்டியை மாற்றும் வேலையைப் பார்ப்போம். அதிலே நன்மையும் உண்டு, நஞ்சும் உண்டு. முன்புறம் இரும்புத் தடுப்பு மாட்டுகிறார்கள். மோதும்போது நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கவே காரின் முன்பகுதி அமைக்கப்படுகிறது. இரும்புத் தடுப்பு அந்த அதிர்ச்சியை நேரே சட்டத்துக்குக் கடத்துகிறது. காற்றுப்பை விரிவதைக் குழப்புகிறது. எதிரே வந்தவன் எலும்பை நொறுக்குகிறது. அதனால்தான் 2017 டிசம்பரிலே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிற்று. பெரிய டயர் மாட்டினால் வேகமானியின் முள் பொய் சொல்லும். அது 80 காட்டும்போது வண்டி அதற்கு மேல் ஓடும். கூடுதல் வாட்டு விளக்கு, எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார், பள்ளத்திலே விழுந்ததும் பிடி இழக்கும். ப்யூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் வண்டியையே கொளுத்தும். நல்ல மெக்கானிக்குக்கு இவையெல்லாம் தெரியும். எஞ்சினுக்கு வலுவூட்டுமுன் பிரேக்குக்கு வலுவூட்டு என்றுதான் அவன் சொல்வான். அவன் சொல்லுக்கு மதிப்பளிக்க ஆளில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உற்பத்தியாளர் சான்று பெற்ற அமைப்பைக் குலைத்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். உயிரைக் காக்கக் கட்டுப்பாடு வேண்டும். அதிலே நமக்கு மறுப்பில்லை.

ஆனால் கேட்கிறோம்: கட்டுப்பாடு எல்லோர் மீதும் ஒன்றுபோல் விழுகிறதா? வடசென்னையிலே மூன்று சக்கர வண்டியில் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பொருத்தி மீன்பாடி வண்டி என்று ஓட்டுகிறானே உழைப்பாளி, அவனும் வண்டியை மாற்றியவன்தான். கூடையைத் தலையில் சுமக்க முடியாமல் மாற்றினான். அவன் வண்டியைப் பறிமுதல் செய்து நிலையத்து வாசலிலே துருப்பிடிக்க விடுகிறார்கள். பல லட்ச ரூபாய்க் காரின் சைலன்சரை மாற்றித் தெருவையே அலற வைக்கிறவனோ, அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த வாரமும் அலற வைக்கிறான். 5,000 ரூபாய் ஒருவனுக்கு ஒரு வேளை விருந்துச் செலவு. மற்றவனுக்கு ஒரு மாதச் சோறு!

இன்னொன்றும் உண்டு. 2018இல் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, உயர்ந்த டயர் மாட்டிய ஜீப்புகளோடு ஆர்வலர்கள் ஓடிவந்து மக்களை மீட்டார்கள். உடல் ஊனமுற்றோருக்காகக் கைப்பிடியால் இயங்கும்படி வண்டியை மாற்றச் சட்டமே இடம் தருகிறது. ஆகவே, மாற்றம் என்றாலே குற்றம் என்று யாரும் வாதிட முடியாது. எந்த மாற்றம், யார் சோதித்தது, எங்கே ஓட்டுவது, இவையே கேள்வி. ஜெர்மனியிலே மாற்றிய பாகத்தைப் பொறியாளர் சோதிக்கிறார்; தகுதி இருந்தால் வண்டியின் பத்திரத்திலே பதிவாகிறது; இல்லையேல் கழற்ற வேண்டும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

பந்தயத்துக்கு அரசிடம் மனமில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டு இறுதியிலே, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையைப் பந்தயப் பாதையாக்கி, விளக்கொளியிலே பார்முலா 4 கார்களை ஓடவிட்டார்கள். நகரத்தின் நடுச்சாலையைச் சில நாட்களுக்குத் திடலாக்க முடிந்தவர்களுக்கு, வடக்கே ஒரு நிலையான திடல் அமைப்பது மலையைப் புரட்டும் வேலையா?

நாம் கேட்பது நான்கு. முதலாவது, சோழவரம் இருந்த இந்த வட்டாரத்திலே அரசு ஒரு பொதுத்திடல் அமைக்கட்டும். பட்டறைத் தொழிலாளியும் பணிப்பயிலும் இளைஞனும் குறைந்த கட்டணத்திலே, கவசத்தோடும் மருத்துவ வண்டியின் காவலோடும் ஓட்டிப் பார்க்கட்டும். இரண்டாவது, மாற்றிய வண்டியைச் சோதித்துச் சான்றளிக்கவோ மறுக்கவோ ஒரு சோதனைச்சாலை வேண்டும். மீன்பாடி வண்டிக்கும் பாதுகாப்பான ஓர் அமைப்பை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரிகள் வகுத்துத் தரட்டும். மூன்றாவது, ஏட்டுப் படிப்பில்லாவிட்டாலும் கைப்படிப்பு உள்ள மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துத் தகுதிச் சான்று தரட்டும். நான்காவது, மீஞ்சூர்-காட்டுப்பள்ளிச் சாலை போன்ற தொழிற்சாலைப் பாதைகளிலே சைக்கிளுக்கும் நடப்போருக்கும் தனிவழி வேண்டும்.

கூட்டமாகக் காரோட்டும் நண்பர்களுக்கும் ஒரு சொல். வாருங்கள், பழவேற்காடு எல்லோருக்கும் பொது. ஐந்தைந்து காராகப் பிரிந்து வாருங்கள். ஒருவரை ஒருவர் துரத்தாமல், சேரும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தைத் தவிருங்கள். உங்கள் காருக்குக் கடன் தவணை உண்டு. சாலையோரம் போகிறவன் உயிருக்குத் தவணை கிடையாது.

பட்டறைத் தோழர்களே! காசு கொடுக்கிறான் என்பதற்காகக் கண்ணைப் பறிக்கும் விளக்கையும், காதைக் கிழிக்கும் குழலையும், காலை முறிக்கும் இரும்புத் தடுப்பையும் மாட்டிக் கொடுக்காதீர்கள். அந்த வண்டி முதலிலே மோதப்போவது உங்கள் தம்பி மீதாகவும் இருக்கலாம். திறமையைக் காட்டத் திடல் கேளுங்கள். சங்கம் கூட்டிக் கேளுங்கள். கிளைக் கூட்டங்களிலே இதைத் தீர்மானமாக்கி அனுப்புங்கள். திடல் நமக்கு வரும்வரை, சாலை சாலையாகவே இருக்கட்டும்!